நோய் பரப்பும் நன்னீர் நத்தைகளைப் பருவநிலையோடு சேர்த்துக் கண்காணிப்பது எப்படி?

சிஸ்டோசோமியாசிஸ் எனப்படும் நத்தைக் காய்ச்சலும், ஆடுமாடுகளையும் மனிதரையும் தாக்கும் ஈரல் தட்டைப்புழு நோயும் நன்னீர் நத்தை இல்லாமல் பரவ முடியாதவை. புழுவின் முட்டை மலத்தோடோ சிறுநீரோடோ தண்ணீரில் கலக்கிறது. அதிலிருந்து வெளிவரும் மிராசிடியம் என்னும் இளம்புழு ஒரு நாளுக்குள் தனக்குரிய நத்தையைத் தேடிப் பிடித்து உள்ளே நுழைந்தாக வேண்டும். நத்தையின் உடலுக்குள் பல வாரங்கள் பெருகிய பிறகு, செர்கேரியா என்னும் வாலுள்ள அடுத்த நிலை ஆயிரக்கணக்கில் தண்ணீருக்குள் வருகிறது. முட்டை, மிராசிடியம், நத்தை, செர்கேரியா ஆகிய நான்குமே தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவை. எனவே தண்ணீரின் சூடும் அளவும் ஓட்டமும் மாறும்போதெல்லாம் நோயின் போக்கும் மாறுகிறது.

ஒரு நீர்நிலையில் அந்த மாற்றத்தை ஓராண்டு முழுவதும் அளந்து பதிவு செய்யும் முறையை, பொதுச் சுகாதாரப் பணியாளர்களையும் கால்நடை மருத்துவர்களையும் விலங்கியல் மாணவர்களையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். வேலையைத் தொடங்குமுன் ஒன்றை உறுதியாக நினைவில் கொள்ள வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் காற்றின் வெப்பமும் மழையளவும் நத்தையை நேராகத் தொடுவதில்லை; அவை நீர்நிலையின் வழியாகவே நத்தையை எட்டுகின்றன. ஒரே மழை ஒரு குட்டையில் நத்தைகளைப் பெருகச் செய்யும், பக்கத்திலுள்ள ஓடையில் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதலில் படிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

எந்த நத்தை, எந்தப் புழு

ஒவ்வொரு புழுவுக்கும் அதற்கென்று அமைந்த நத்தை உண்டு. சிஸ்டோசோமா மான்சோனி புழு பயோம்ஃபலேரியா இன நத்தைகளிலும், சிறுநீர்ப்பையைத் தாக்கும் சிஸ்டோசோமா ஹீமடோபியம் புழு புலைனஸ் இன நத்தைகளிலும், சிஸ்டோசோமா ஜப்பானிகம் புழு ஆன்கோமெலானியா நத்தையிலும் வளர்கின்றன. ஈரல் தட்டைப்புழுக்களான ஃபேசியோலா வகைகளுக்கு லிம்னேயா குடும்பத்து நத்தைகள் தேவை. மீன் வழியாக மனிதரை அடையும் ஓபிஸ்தோர்கிஸ் புழுவுக்குப் பித்தினியா நத்தை தேவை. இந்த நத்தைகளின் வாழ்க்கை முறை ஒன்றுக்கொன்று வேறுபட்டது என்பதால், இனத்தை அறியாமல் 'நத்தைகள் வெயிலில் என்னவாகும்' என்ற கேள்விக்கு விடை சொல்லவே முடியாது.

கைக்குக் கிடைத்த நத்தை ஓட்டை, கூர்முனை மேல்நோக்கவும் வாய் உங்களைப் பார்க்கவும் பிடித்துக்கொள்ளுங்கள். வாய் வலப்பக்கம் திறந்திருந்தால் அது லிம்னேயா குடும்பமாக இருக்கக்கூடும். இடப்பக்கம் திறந்திருந்தால் புலைனஸ் அல்லது ஃபைசா. கூர்முனையே இல்லாமல், சுருட்டி வைத்த கயிறுபோல் தட்டையாக இருந்தால் பயோம்ஃபலேரியாவும் அதன் உறவினங்களும். ஓட்டின் வாயைக் கதவுபோல் அடைக்கும் மூடி இருந்தால் ஆன்கோமெலானியா, பித்தினியா போன்றவற்றின் பக்கம் தேட வேண்டும். பதிவேட்டில் 'வலம்புரி', 'இடம்புரி' என்று எழுதாமல் 'வலவாய்', 'இடவாய்' என்று எழுதுவதே நல்லது. வலம்புரிச் சங்கு என்று நாம் அழைக்கும் அரிய சங்கு, மேலே சொன்ன முறையில் பிடித்துப் பார்த்தால் இடவாய் கொண்டது. சொல்லும் அளவீடும் ஒன்றையொன்று மறுத்துக் குழப்பத்தை உண்டாக்கும்.

புலைனஸையும் ஃபைசாவையும் பிரித்தறிவதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். இரண்டும் இடவாய் நத்தைகள், அளவிலும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் புலைனஸின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் உடல் நசுங்கினால் செந்நிறம் கசியும். ஃபைசாவில் அது இல்லை. உயிருள்ள ஃபைசா தண்ணீருக்குள் ஊரும்போது அதன் போர்வைத் தசையின் விரல் போன்ற நீட்சிகள் ஓட்டின் விளிம்பைத் தாண்டி மேலே படிந்திருப்பதைக் கைக்கண்ணாடியில் காணலாம். ஃபைசா மனிதரைத் தாக்கும் சிஸ்டோசோமாவைச் சுமப்பதில்லை என்பதால், இந்த ஒரு தவறு ஓராண்டுக் கணக்கையே பயனற்றதாக்கிவிடும்.

நீர்நிலையின் குணத்தை எழுதிவைத்தல்

அடுத்ததாக, கண்காணிக்கப் போகும் நீர்நிலை ஆண்டு முழுவதும் நீர் நிற்பதா, கோடையில் வற்றுவதா, ஓடுவதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வற்றும் குட்டைகளில் வாழும் புலைனஸ் இனங்கள் சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் கோடை உறக்கத்தில் கிடக்கும். முதல் மழைநீர் நிறைந்ததும் விழித்து முட்டையிடத் தொடங்கும். அவை ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்தவை, தேவைப்பட்டால் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளக்கூடியவை. எனவே உறக்கத்திலிருந்து ஒரே ஒரு நத்தை பிழைத்து எழுந்தாலும் குட்டை மறுபடி நிறைந்துவிடும். புழு தொற்றிய நத்தைகள் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் திறனில் நலமுள்ள நத்தைகளைவிடப் பின்தங்கியவை. அதனால் நீண்ட வறட்சிக்குப் பிறகு எழும் கூட்டம் பெரும்பாலும் தொற்றற்றதாக இருக்கும்.

ஓடும் நீரில் வேகமே தீர்மானிக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 0.3 மீட்டருக்கு மேல் ஓடும் தண்ணீரில் இந்த நத்தைகளால் நிலைத்திருக்க முடிவதில்லை. வேகத்தை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கரையோரம் பத்து மீட்டரை அளந்து இரு குச்சிகளை நட்டு, பாதி மூழ்கி மிதக்கும் பொருள் ஒன்று அந்தத் தொலைவைக் கடக்க எடுக்கும் நேரத்தை மூன்று முறை குறித்துச் சராசரி எடுத்தால் போதும். அதை நடு ஓட்டத்தில் அல்லாமல், நத்தைகள் ஒட்டியிருக்கும் செடிகளின் ஓரத்தில் செய்ய வேண்டும். வெள்ளம் நத்தைகளை அழிப்பதாகத் தோன்றினாலும், மிதக்கும் செடிகளோடு அவற்றைப் புதிய இடங்களுக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. ஆகையால் வெள்ளத்துக்குப் பிறகு வழக்கமான இடங்களோடு கீழ்ப்பக்கத்துத் தேங்குநீரையும் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

ஃபேசியோலா ஹெபாடிகாவின் நத்தையான கால்பா ட்ரங்கடுலாவைத் தேடுவோர் குளத்தைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். அது ஈரச் சேற்றில் வாழ்வது. மாட்டின் குளம்படிக் குழியில் தேங்கிய நீரும் வாய்க்கால் கசிவால் நனைந்த புல்தரையும்தான் அதன் வீடு.

தண்ணீரின் வெப்பத்தை அளத்தல்

வெப்பமானியை முதலில், நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குவளையில் வைத்து 0 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். பிறகு நத்தைகள் உண்மையில் இருக்கும் இடத்தில், செடியின் நிழலில், பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அளவெடுங்கள். மணிக்கொரு முறை தானே பதிவு செய்யும் வெப்பப் பதிவுக்கருவி கிடைத்தால் அதை நேரடி வெயில் படாமல் மறைத்துக் கட்டி வைக்கலாம். அது இல்லையென்றால் விடியற்காலையிலும் பிற்பகல் இரண்டு மணியளவிலும் அளப்பது நாளின் தாழ்வையும் உச்சத்தையும் ஓரளவு காட்டிவிடும். சராசரியை மட்டும் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஆழமற்ற ஓரத்தில் பிற்பகல் 34 டிகிரியும் விடியலில் 22 டிகிரியும் இருக்கும் நாளுக்கும், நாள் முழுதும் 28 டிகிரி நிற்கும் நாளுக்கும் சராசரி ஒன்றுதான். நத்தைக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. முடிந்தால் ஆழமான, நிழலான இடத்திலும் ஓர் அளவெடுங்கள். வெயில் ஏறும்போது நத்தைகள் அங்கே ஒதுங்குவதால், ஓரத்தில் எண்ணிக்கை குறைந்தது சாவினாலா இடம்பெயர்ந்ததாலா என்பதை அறிய அது உதவும்.

எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? பயோம்ஃபலேரியா, புலைனஸ் நத்தைகள் ஏறத்தாழ 20 முதல் 28 டிகிரி வரை நன்றாக வளர்ந்து முட்டையிடுகின்றன. 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் முட்டையிடுதல் குறைகிறது, ஆயுளும் சுருங்குகிறது. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் புழு சூடு ஏற ஏற விரைவாக முதிர்கிறது. மான்சோனி புழு 25 முதல் 28 டிகிரியில் நான்கைந்து வாரங்களில் செர்கேரியாவை வெளியிடத் தயாராகிவிடும். 18 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த நீரில் அதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகலாம், அதற்குள் நத்தையே இறந்துபோவதும் உண்டு. நீந்தும் செர்கேரியா உணவு உண்பதில்லை, உடலில் சேர்த்துவைத்த கிளைகோஜனைச் செலவழித்தே உயிர்வாழ்கிறது. ஆகவே வெதுவெதுப்பான நீரில் அதன் ஆயுளும் குறைகிறது. ஃபேசியோலா ஹெபாடிகாவைப் பொறுத்தவரை 10 டிகிரியே எல்லை. அதற்குக் கீழே முட்டையும் வளராது, நத்தையும் பெருகாது.

வெப்பம் உயர்ந்தால் நோய் உயரும் என்று நேர்க்கோடு வரைவது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். நத்தையின் நலம், புழுவின் வேகம், செர்கேரியாவின் ஆயுள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு மேட்டைப்போல் அமைகின்றன. குளிர்ந்த ஓரத்தில் இருக்கும் நீர்நிலைக்கு இரண்டு டிகிரி உயர்வு நோயைக் கொண்டு வரலாம். ஏற்கெனவே உச்சியில் இருக்கும் நீர்நிலையில் அதே இரண்டு டிகிரி நோயைக் குறைக்கலாம். சீனாவில் ஆன்கோமெலானியா நத்தையின் வட எல்லை ஜனவரி மாதச் சராசரி வெப்பம் 0 டிகிரியாக இருக்கும் கோட்டை ஒட்டியே அமைந்திருக்கிறது. குளிர்காலம் தணியத் தணிய அந்தக் கோடு வடக்கே நகரும் என்ற கவலை எழுவது அதனால்தான்.

நத்தைகளை எண்ணுதல்

தண்ணீரில் இறங்குமுன் பாதுகாப்பு. இடுப்பளவு ரப்பர்க் காலணியும் முழங்கைவரை வரும் ரப்பர்க் கையுறையும் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. செர்கேரியா சில நிமிடங்களில் தோலைத் துளைத்துவிடும். தவறித் தண்ணீர் பட்டால் உடனே துணியால் அழுத்தித் துடைத்து, அந்த இடத்தில் ஆல்கஹால் தடவுங்கள்; நடந்ததைப் பதிவேட்டில் எழுதி, பின்னர் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

மக்கள் குளிக்கும், துவைக்கும் துறைகளையும், கால்நடை இறங்கும் இடங்களையும், எவரும் வராத ஓரிடத்தையும் சேர்த்து ஐந்தாறு நிலையங்களைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட கைப்பிடியும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்க் கண்ணளவும் கொண்ட சல்லடை வலையால், ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் பதினைந்து நிமிடம் செடிகளையும் சேற்றின் மேற்பரப்பையும் வாரியெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே ஆள், அதே வலை, அதே நேரம், அதே பொழுது இருப்பது முக்கியம். ஆள் மாறினால் எண்ணிக்கை மாறும். அந்த மாற்றத்தைப் பருவநிலையின் விளைவாகக் கருதிவிடும் அபாயம் உண்டு. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை என்பது நல்ல இடைவெளி. மாதத்துக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் அதையாவது விடாமல் செய்ய வேண்டும்.

எண்ணிக்கையைவிட ஓட்டின் அளவு அதிகம் சொல்லும் என்பது என் துணிபு. கிடைத்த ஒவ்வொரு நத்தையின் ஓட்டையும் வெர்னியர் அளவியால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். நூறு நத்தைகளில் எண்பது மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அண்மையில் முட்டைகள் பொரித்திருக்கின்றன. எல்லாமே பெரியவையாக இருந்தால் சில வாரங்களாகவே இனப்பெருக்கம் நின்றிருக்கிறது. மொத்த எண்ணிக்கை இரண்டு முறையும் நூறாகவே இருக்கலாம், ஆனால் முதலாவது வளரும் கூட்டம், இரண்டாவது தேயும் கூட்டம். செடிகளின் இலையடியில் கூழ்போன்ற முட்டைத்திரள்கள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்து எழுதிவைத்தால், அடுத்த முறை என்ன காணப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும்.

தொற்று இருக்கிறதா என்று சோதித்தல்

பிடித்த நத்தைகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு கண்ணாடிக் குப்பியில் குளோரின் நீக்கிய பத்து மில்லிலிட்டர் தண்ணீரில் விட்டு, இரவு முழுவதும் இருட்டில் வையுங்கள். காலையில் அவற்றை நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து மூன்று, நான்கு மணி நேரம் காத்திருங்கள். மான்சோனி, ஹீமடோபியம் ஆகியவற்றின் செர்கேரியாக்கள் நண்பகலை ஒட்டி அதிகமாக வெளிவரும். ஜப்பானிகத்துக்கு மாலை நேரம் உகந்தது. குப்பிக்குப் பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்துக் கைக்கண்ணாடியால் பார்த்தால், தெளிந்திருந்த தண்ணீரில் தூசுபோல் வெண்புள்ளிகள் தெரியும். தூசு கீழே இறங்கிக்கொண்டே போகும். செர்கேரியாவோ சற்று அமிழ்ந்து, வாலைத் துடித்து மேலேறி, மறுபடி அமிழும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒருமுறை கண்டவர் பிறகு ஐயப்பட மாட்டார்.

ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து அயோடின் கரைசல் சேர்த்தால் அவை அசைவற்று நிற்கும். வால் நுனி இரண்டாகப் பிளவுபட்டிருந்து கண்புள்ளிகள் இல்லையென்றால் சிஸ்டோசோமாவாக இருக்கலாம். பிளவுபட்ட வாலோடு இரு கருங்கண்புள்ளிகளும் இருந்தால் அது பெரும்பாலும் பறவைகளின் புழு, மனிதத் தோலில் அரிப்பை மட்டும் உண்டாக்குவது. பிளவற்ற வாலுடன், குப்பிச் சுவரில் ஒட்டி வெண்பொட்டுகளாக உறைந்துகொண்டால் ஃபேசியோலாவை எண்ண வேண்டும். இனத்தை உறுதியாகச் சொல்ல மரபணுச் சோதனைதான் வழி. தோற்றத்தை மட்டும் வைத்து அறிக்கை எழுத வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே வலியுறுத்துகிறேன். முதலாவது, செர்கேரியா வெளிவருவதே வெப்பத்தைப் பொறுத்தது என்பதால் சோதனைத் தண்ணீரை ஆண்டு முழுவதும் ஒரே வெப்பத்தில், எடுத்துக்காட்டாக 25 டிகிரியில், வைத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் குளிர்ந்த நீரில் சோதித்துவிட்டுத் தொற்று இல்லை என்று எழுதுவது பிழை. அந்த நத்தைகளுக்குள் புழு முதிராமல் காத்திருக்கவும் கூடும். ஆகவே தொற்றில்லை என்று வந்தவற்றில் ஒரு பகுதியை ஆய்வகத்தில் 25 டிகிரியில் வளர்த்து, நான்கைந்து வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். இரண்டாவது, தொற்றிய நத்தைகளின் விகிதம் பொதுவாக மிகக் குறைவு. 60 நத்தைகளில் ஒன்றிலும் தொற்று இல்லையென்றால், உண்மை விகிதம் 5 சதவீதம்வரை இருக்க இன்னும் இடமுண்டு. 300 நத்தைகளில் இல்லையென்றால்தான் அந்த மேல்வரம்பு 1 சதவீதத்துக்கு இறங்கும். மூன்றை நத்தைகளின் எண்ணிக்கையால் வகுப்பதே இதற்கான எளிய கணக்கு.

பதிவேட்டைப் படித்தல்

மழையை மாத மொத்தமாக மட்டும் எழுதாமல், மழை பெய்த நாட்களின் எண்ணிக்கையையும் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச அளவையும் தனித்தனியாக எழுதுங்கள். இருபது நாள் தூறிய 200 மில்லிமீட்டர் சேற்று நத்தையை வளர்க்கும். ஒரே நாளில் கொட்டிய 200 மில்லிமீட்டர் அதை அடித்துச் செல்லும். 1959-இல் பிரிட்டனில் ஆலரன்ஷா, ரோலண்ட்ஸ் இருவரும் ஈரல் தட்டைப்புழு நோயை முன்னறிவிக்க அமைத்த கணக்கு இதையே கருத்தில் கொண்டது. மாத மழையளவிலிருந்து ஆவியாதலைக் கழித்து, ஐந்தைக் கூட்டி, வந்த தொகையை மழை நாட்களால் பெருக்குவது அது, அளவுகள் அங்குலத்தில். பிற நாடுகளில் அதை அப்படியே பயன்படுத்த முடியாது என்றாலும், மழை நாட்களுக்கு அது கொடுத்த முதன்மை இன்றும் பாடமாகும்.

நத்தை எண்ணிக்கையை அன்றைய மழையோடும் வெப்பத்தோடும் ஒப்பிடாதீர்கள். முட்டை பொரிந்து நத்தை வளரவும், அதற்குள் புழு முதிரவும் வாரங்கள் தேவை. எனவே எண்ணிக்கையை நான்கு, ஆறு, எட்டு வாரங்களுக்கு முந்தைய மழையோடும் வெப்பத்தோடும் தனித்தனியாக வரைபடமாக்கி, எது நன்றாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். தொற்று விகிதத்துக்கு இந்தக் கால இடைவெளி இன்னும் நீளும். நத்தை பெருகிய மாதமும் தொற்று உச்சம் தொட்ட மாதமும் வெவ்வேறாக வருவது இயல்பே. இளநத்தைகள் திரளாகப் பொரித்த மாதத்தில் தொற்று விகிதம் குறைந்துபோவதும் உண்டு. தொற்றிய நத்தைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க மொத்தம் கூடிவிட்டது என்பதே அதன் பொருள், ஆகவே விகிதத்தோடு எண்ணிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஓராண்டுப் பதிவு வானிலையைக் காட்டும். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச அது போதாது. குறைந்தது சில ஆண்டுப் பதிவுகளும், அருகிலுள்ள வானிலை நிலையத்தின் 30 ஆண்டுச் சராசரியும் கையில் இருக்க வேண்டும். மனிதர் செய்த மாற்றங்களையும் அதே பதிவேட்டில் குறித்துவர வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் டியாமா அணை 1986-இல் கட்டி முடிக்கப்பட்டதும் உப்புநீர் உள்ளே வருவது தடைப்பட்டது, பாசன வாய்க்கால்கள் பெருகின, பயோம்ஃபலேரியா நத்தைகள் பரவின. ஓரிரு ஆண்டுகளுக்குள் ரிச்சர்ட் டோல் நகரில் மான்சோனி நோய் பெருந்தொற்றாக வெடித்தது. அங்கே மாறியது வானமல்ல, தண்ணீரின் உப்பும் ஓட்டமும். பிரான்சைச் சேர்ந்த கோர்சிக்கா தீவின் கவு ஆற்றில் குளித்தவர்களிடம் சிறுநீர்ப்பைச் சிஸ்டோசோமியாசிஸ் 2014-இல் கண்டறியப்பட்டபோதும், புலைனஸ் ட்ரங்கேடஸ் நத்தை அந்தத் தீவில் முன்பிருந்தே வாழ்ந்துவந்தது. புழுதான் புதிதாக வந்து சேர்ந்தது. நத்தைக்கு ஏற்ற வெப்பம் இருப்பது ஆபத்துக்கு இடம் இருப்பதைக் காட்டுமே தவிர, நோய் இருப்பதை நிறுவாது.

பதிவை வைத்துச் செயல்படுதல்

ஓராண்டு முடிந்ததும், தண்ணீர் மிகவும் சுருங்கி நத்தைகள் ஒடுங்கிக் கிடக்கும் வாரங்களையும், செர்கேரியா உச்சம் தொடும் வாரங்களையும் நாள்காட்டியில் தனித்தனி நிறத்தால் குறியுங்கள். செடிகளை அகற்றுவது, வாய்க்காலைத் தூர்வாரி ஓட்டத்தை விரைவுபடுத்துவது, மேய்ச்சல் நிலத்தின் கசிவை அடைப்பது ஆகியவற்றுக்கு முதலாவது காலம் பொருத்தமானது. நிக்லோசமைடு போன்ற நத்தைக்கொல்லியையும் அப்போதே குறைந்த அளவில் பயன்படுத்த முடியும்; ஆனால் அது மீன்களையும் கொல்லும் என்பதால், உரிய அனுமதியும் பயிற்சியும் பெற்றவர்கள் மட்டுமே அதைக் கையாள வேண்டும். இரண்டாவது காலத்தில் நண்பகலில் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்லுங்கள். அந்தச் செய்தி உச்சத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். சிஸ்டோசோமா புழுவைக் கொல்லும் பிரசிகுவான்டல் மருந்தை மக்களுக்கு வழங்கும் திட்டம் இருந்தால், அதன் நாட்களை முடிவு செய்வோருக்கு இந்த நாள்காட்டியின் ஒரு படியைக் கொடுங்கள்.

நத்தைக் கட்டுப்பாடு நடந்த இடத்தில் இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் ஆறு வாரம் கழித்து ஒருமுறையும் அதே வலையால், அதே பதினைந்து நிமிடம் வாரி எண்ணுங்கள். முதல் எண்ணிக்கை பிழைத்த நத்தைகளைக் காட்டும், இரண்டாவது சேற்றிலிருந்து எழுந்தவற்றையும் அவற்றின் குஞ்சுகளையும் காட்டும்.